பல்லக்காவின் ஈறு நிறப் பகடை

பல்லக்கா உலகத்தை அழிப்பது பெரும்பாலும் காலை டீக்கு முன்னால்தான். பெயின்ட் கடைக்கு மேல்மாடியில், செயற்கைப் பல் செய்யும் லேபில், ஜன்னலோர மேஜை அவளுடையது. கை பாட்டுக்கு மெழுகில் கடைவாய்ப் பல்லை நட்டுக்கொண்டிருக்கும். மனம் பாட்டுக்கு நகரங்களைத் தரைமட்டமாக்கிக்கொண்டிருக்கும். டீ வருவதற்குள் மின்சாரம் போயிருக்கும், அரசாங்கம் போயிருக்கும், கடலோரம் பாதி போயிருக்கும். டீயைக் குடித்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களை என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பிப்பாள்.

ஆளைப் பார்த்தால் இவ்வளவு நாசம் செய்யக்கூடியவள் என்று தோன்றாது. செருப்பில் எப்போதும் பிளாஸ்டர் மாவு. யாராவது சிரித்தால் முகத்தை விட்டுவிட்டுப் பல்லைப் பார்க்கும் தொழில் புத்தி. குடியிருப்பில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் பல்லக்காதான். அவளுடைய மாமியாரே ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, அதற்காக இரண்டு நாள் மருமகள் மேல் கோபமாக இருந்தார்.

இந்தப் பழக்கம் கார் ஓட்டக் கற்கப் போன இடத்தில் ஒட்டிக்கொண்டது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் அவளுக்கு கிளட்ச்சைக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார், முடியவில்லை. உரிமத் தேர்வுக்காக வரிசையில் காத்திருந்த நேரத்தில் வேறொன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டார். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் உலகத்தைச் சொல்லுவார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, ‘கதவைத் திறக்கிறேன்’, ‘உள்ளே ஓடுகிறேன்’ என்று வாயாலேயே வாழ வேண்டும். திறந்ததா, ஓட முடிந்ததா என்பதைப் பகடை சொல்லும். பல்லக்காவுக்கு இன்றுவரை கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஞாயிறு மதியமானால் அவள் வீட்டு மேஜையில் ஒரு உலகமே ஓடுகிறது.

உலகம் அழிந்தால் துப்பாக்கி வைத்திருப்பவன்தான் பிழைப்பான் என்பது மாஸ்டரின் கட்சி. பல்லக்கா மூக்கைச் சுளித்தாள்.

“துப்பாக்கி வச்சிருக்கிறவன் தனி ஆள் மாஸ்டர். வாராவாரம் கூட்டம் போடறவங்கதான் பிழைப்பாங்க. செயலாளர் யாருன்னு அடிச்சுக்கிட்டே முப்பது வருஷம் சேர்ந்து இருக்காங்க பாருங்க, அவங்களை ஒண்ணும் பண்ண முடியாது.”

அப்படிப் பிறந்ததுதான் அவளுடைய உலகம். அதற்கு ‘அப்புறம்’ என்று பேர் வைத்தாள். எல்லாம் அழிந்தாயிற்று, அப்புறம்? பொழுதுபோக்குச் சங்கங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு சங்கமும் ஒரு நாடு.

மீன்தொட்டிக்காரர்களிடம்தான் சுத்தமான தண்ணீர் இருக்கிறது, அதனால் அவர்கள் ராஜாக்கள். அங்கே கொலைக்குக்கூட மன்னிப்பு உண்டு, கண்ணாடியை விரலால் தட்டியவனுக்குக் கிடையாது. ஸ்டாம்ப் சேகரிப்பவர்கள் பெரிய மதில் கட்டி எல்லையைக் காக்கிறார்கள். உள்ளே போகும் எதையும் இடுக்கியால் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்து அனுப்புவதற்குள் மாதக்கணக்காகும். கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடிப்பதும் இடுக்கியால்தான். ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் சட்டத்தைக் கம்பளி நூலில் பின்னி வைத்திருக்கிறார்கள். ஒரு சட்டத்தை ரத்து செய்ய நூலை இழுத்தால் பின்னாலேயே மற்ற சட்டங்களும் உருவிக்கொண்டு வந்துவிடும், பிறகு யார் வேண்டுமானாலும் யார் வீட்டில் வேண்டுமானாலும் படுத்துக்கொள்ளலாம். பறவை பார்ப்பவர்களுக்கு நாட்டில் நடப்பதெல்லாம் தெரியும், ஆனால் அபூர்வமாக இருந்தால்தான் சொல்லுவார்கள். எதிரிப் படை வந்ததை, அடிக்கடி தென்படும் இனம் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் அவள் வீட்டில் உட்கார்ந்து கற்பனையில் கட்டிவிடவில்லை. சங்கம் சங்கமாகப் போய்க் கடைசி வரிசையில் உட்காருவாள். ஒரு கூட்டத்திடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை, எதற்காக அடித்துக்கொள்ளும் என்ற மூன்றும் தெரிந்தால் அதை வைத்து ஒரு நாடு கட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு. மூன்றாவதுதான் முக்கியம். மீன்தொட்டிச் சங்கத்தில் பிளாஸ்டிக் செடி வைக்கலாமா என்ற சண்டையில் ஒருவர் இன்னொருவரின் சட்டைப் பையைக் கிழித்ததை நேரில் பார்த்த பிறகுதான் அந்த ராஜ்யத்தின் வரலாறு முழுசாக அவளுக்குப் பிடிபட்டது.

பகடையும் அவளே செய்ததுதான். இருபது முகம். லேபில் பல் செட்டின் ஈறுக்கு ஊற்றும் ரோஸ் நிறப் பொருளில் வார்த்து, எண்களைப் பல் நிறத்தில் பதித்தாள். முதல் தடவை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் குமட்டும். பிளாஸ்டர் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து மறைப்பாக நிறுத்தி, அதன் பின்னால்தான் உருட்டுவாள். என்ன விழுந்தது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வாயால் சொல்லுவாள், மற்றவர்கள் நம்புவார்கள். ஏனென்றால் அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அவளுடைய நாத்தனார், கண்ணாடிக்கடையில் வேலை பார்ப்பவள், ஆட்டத்தில் ஆசை ஆசையாக வளர்த்த ஒரு வீராங்கனை கம்பளி நூல்கண்டு தடுக்கி மாடிப்படியில் விழுந்து செத்தாள். நாத்தனார் ஒரு வாரம் மூக்கைச் சிந்தினாள். “ஒண்ணு விழுந்துச்சும்மா, நான் என்ன பண்ணட்டும்?” என்று பல்லக்கா கையை விரித்துவிட்டாள். ‘அப்புறம்’ உலகத்தில் ஆக மோசமான அந்த ஒன்று விழுந்து செத்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

பல்லக்காவின் வீட்டுக்காரர் தராசு, எடை மெஷின் எல்லாம் ரிப்பேர் செய்பவர். வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அது நீண்ட நாள். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு, பொம்மை ரயில். கட்டிலுக்கு அடியில் கிளம்பும் தண்டவாளம் ஹாலைச் சுற்றி, ஃப்ரிட்ஜுக்கு அடியில் புகுந்து, சமையலறை வழியாகத் திரும்பி வரும். ஃப்ரிட்ஜுக்கு அடியில் ரயில் தவறாமல் கவிழும். ‘டொக்’ என்று ஒரு சத்தம், பிறகு சக்கரம் சும்மா சுற்றும் ரீங்காரம். அவர் ஒரு துணி ஹேங்கரை நிமிர்த்திச் செய்த கொக்கியோடு வந்து குப்புறப் படுப்பார். கல்யாணமான நாளிலிருந்து பல்லக்கா அவருடைய முகத்தைப் பார்த்த நேரமும் உள்ளங்காலைப் பார்த்த நேரமும் ஏறக்குறைய சமம்.

பொம்மை ரயில் சங்கத்துக்கும் ‘அப்புற’த்தில் ஒரு நாடு கொடுத்தாள். வீட்டுக்காரர் என்று சலுகை காட்டவில்லை. என்ன இருக்கிறது? நேரம் தவறாமல் ஓடும் ரயில். என்ன இல்லை? அந்த ரயிலில் தீப்பெட்டிக்கு மேல் பெரிதாக எதையும் ஏற்ற இடம். எதற்காக அடித்துக்கொள்வார்கள்? பிளாட்பாரத்தில் ஒருவர் வைத்த நாய் பொம்மை எஞ்சினை விடப் பெரிசாக இருப்பதற்காக. நேர்மையாக யோசித்தால் இந்தக் கூட்டம் மூன்றாவது வருடத்தைத் தாண்டாது. அப்படியே வைத்துவிட்டாள். போன ஞாயிறு ஆட்டக்காரர்கள் மூவரும் அந்த நாட்டுக்குள் நுழைந்தபோது, அங்கே கடைசி மூட்டை தானியம் பிரித்திருந்தது. வாங்க விற்க யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. அடுத்த வாரத்துக்குள் ஆள் இருக்காது என்று பல்லக்கா சொல்லிவிட்டாள். அவர்கள் செத்ததும் ரயிலுக்கு வைத்திருக்கும் தாமிரக் கம்பியை யார் எடுத்துக்கொள்வது என்று மாஸ்டர் அப்போதே பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்.

இது வீட்டுக்காரர் காதுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. நாத்தனார் வாய் சும்மா இருந்தால்தானே! புதன்கிழமை காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவள், தட்டில் கை வைத்ததுமே வாயை விட்டாள்.

“அண்ணா, அண்ணி உலகத்துல உங்க ரயில்காரங்க எல்லாம் அடுத்த வாரம் காலி! தெரியுமா? பட்டினி! கையில டைம் டேபிளோட சாகப்போறாங்க.”

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்காரர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார்.

“ஏன்?” என்றார்.

“ரயில்ல ஒண்ணும் ஏத்த முடியாதுல்ல, அதான்” என்றாள் பல்லக்கா, நாத்தனாரை மேஜைக்கு அடியில் உதைத்துக்கொண்டே. “சும்மா ஆட்டத்துக்குங்க.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். ஒரு எடைக்கல்லைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும்.

“சரியாத்தான் சொல்லியிருக்கே” என்றார்.

கோபப்பட்டிருந்தால் பல்லக்கா சமாளித்திருப்பாள். கோபமே இல்லை. அன்று மாலை வேலையிலிருந்து வந்தவர் ரயில் ஓட்டவில்லை. மறுநாளும் ஓட்டவில்லை. வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது தண்டவாளம் பாதி கழற்றியிருந்தது. எஞ்சின்களைப் பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னங்க இது?”

“சங்கத்துல ஒருத்தர் திங்கக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்னார். வீட்ல இடம் அடைக்குது.”

“நான் எப்பவாவது இடம் அடைக்குதுன்னு சொன்னேனா?”

“நீ சொல்லலை. ஆனா எடை போட்டுப் பார்த்தா, இதுல என்ன இருக்கு?”

பல்லக்கா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். எத்தனையோ ஊர்களை அழித்தவள்தான். நிஜமாக ஒன்றை அழித்தது இதுதான் முதல் தடவை. சமையலறைக்குப் போய் நின்றாள். ஃப்ரிட்ஜின் உறுமல் மட்டும் கேட்டது. அந்த ‘டொக்’ இல்லாத வீட்டில் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை, ஒருநாள்கூட இருக்க முடியாது என்று தோன்றியது.

‘சரி, அவங்க பிழைச்சுட்டாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் ஆட்டத்தில் சொன்னது சொன்னதுதான், நடந்தது நடந்ததுதான். அதை மாற்றினால் அவள் பல்லக்காவே இல்லை. போதாததற்கு, பாவம் பார்த்துப் பிழைக்க வைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு இம்மி கூடுதலாக வைத்தாலே கண்டுபிடிக்கிற மனுஷன். சனிக்கிழமை முழுக்க ஒரு வயதான அம்மாளின் பல் செட்டில் மேல் வரிசையைக் கீழும் கீழ் வரிசையை மேலும் நட்டுவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்து அவர் முன்னால் நின்றாள்.

“நாளைக்கு ஆட்டத்துல வந்து உட்காருங்க. உங்க ஆளுங்களுக்கு நீங்களே பேசுங்க.”

“எனக்கு விளையாடத் தெரியாதே.”

“ரயில் ஓட்டத் தெரியும்ல?”

ஞாயிற்றுக்கிழமை அவர் தலையை வாரி, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு வந்தார். மேஜையைச் சுற்றி மாஸ்டர், நாத்தனார், அதே குடியிருப்பில் இருக்கும் லிஃப்ட் மெக்கானிக் என்று மூன்று நாற்காலியும் நிரம்பியிருந்தது. அவர் ஃப்ரிட்ஜ் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் பல்லக்காவுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். மறைப்புக்குப் பின்னால் பல்லக்காவைத் தவிர இன்னொருவர் உட்காருவது இதுதான் முதல் தடவை. அவள் இருந்த பதற்றத்தில் அதைக் கவனிக்கவில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. மீன்தொட்டி ராஜ்யத்தில் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய். மருந்து ஆட்டக்காரர்களிடம் இருக்கிறது. நடுவில் ஸ்டாம்ப்காரர்களின் மதில். இடுக்கியால் பிடித்துப் பார்த்து உள்ளே விடுவதற்குள் மீன் ஒன்றும் மிஞ்சாது.

“மதிலுக்கு அடியில பைப்பு ஏதாவது போகுதா?” என்றார் வீட்டுக்காரர்.

பல்லக்கா யோசித்தாள். மதில் என்றால் மழைத்தண்ணீர் போக வழி வேண்டும்தானே. “ஒண்ணு இருக்கு. கை நுழையற அளவு.”

“மருந்து என்ன சைஸு?”

லிஃப்ட் மெக்கானிக்தான் மருந்தை வைத்திருந்தார். அவர் மேஜையில் கிடந்த தீப்பெட்டியைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார். “யோவ்!” என்று கத்திவிட்டு, “மன்னிச்சுக்குங்க” என்றார்.

எல்லோருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. மருந்து போய்ச் சேர்ந்தால் ரயில்காரர்களுக்கு ஆயுசுக்கும் தண்ணீரும் தானியமும் தருவதாக மீன்ராஜா சத்தியம் செய்தார். மாஸ்டர் தாமிரக் கம்பி ஆசையை விட்டுவிட்டு, அதே கம்பியால் பைப்பு வழியாகத் தண்டவாளம் போட்டுக்கொடுத்தார். வீட்டுக்காரர் விசிலை ஊதினார், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ரயில் பைப்புக்குள் போயிற்று.

“பன்னெண்டுக்கு மேல விழுந்தா அந்தப் பக்கம் போயிடும்” என்றாள் பல்லக்கா.

உருட்டினாள். பகடை மறைப்பில் முட்டி, புரண்டு நின்றது. ஒன்று.

பல்லக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறை ஓரத்தில் அட்டைப்பெட்டிகள், கயிறு கட்டித் தயாராக இருந்தன. இத்தனை வருடத்தில் எத்தனை பேர் கெஞ்சியிருப்பார்கள், அழுதிருப்பார்கள். அசைந்தவள் இல்லை.

“பதினாறு” என்றாள்.

மாஸ்டர் மேஜையைக் குத்தினார். நாத்தனார் எழுந்து குதித்தாள். லிஃப்ட் மெக்கானிக் கைதட்டினார். வீட்டுக்காரர் விசிலைத் தொடவில்லை. குனிந்து பகடையைப் பார்த்தார்.

“ஒண்ணுதானே விழுந்திருக்கு” என்றார்.

பல்லக்கா முகத்தில் ஈயாடவில்லை. கையும் களவுமாகப் பிடித்தது வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

“அண்ணி!” நாத்தனாருக்குத்தான் முதலில் குரல் வந்தது. “பொய்யா சொன்னீங்க? என் ஆளு நூல்கண்டு தடுக்கிச் செத்தப்ப இந்தப் பதினாறு எங்க போச்சு?”

“எனக்கு… அவர் ரயிலை எல்லாம் கட்டி வச்சிட்டாரு” என்றாள் பல்லக்கா. “எனக்கு அந்த சத்தம் வேணும். அதான் சொன்னேன். தப்புதான்.”

வீட்டுக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, தன் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

“இதுக்கு எதுக்குப் பொய்? ரயில் கவிழ்ந்துடுச்சு, அவ்வளவுதானே? அது தினம் கவிழும். மேடு இருந்தா கவிழும், தூசி இருந்தா கவிழும், ஒண்ணுமே இல்லாட்டியும் கவிழும். தூக்கி வச்சா ஓடும். எங்க ஆளுங்க அதைத்தானே பண்றோம் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும். ஒருத்தரும் அழுது பார்த்ததில்லை.”

“பைப்புக்குள்ள இல்ல கவிழ்ந்திருக்கு?” என்றார் மாஸ்டர். “நடுவுல. கை எட்டாதே.”

“ஃப்ரிட்ஜுக்கு அடியில மட்டும் கை எட்டுதா?”

எழுந்து போய்க் கொக்கியை எடுத்துவந்தார். சொன்னால் புரியாது, காட்டினால்தான் புரியும் என்றார். காட்டுவதற்கு ரயில் வேண்டும். ஒரு பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார், செய்தித்தாளைப் பிரித்தார். பல்லக்கா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். தண்டவாளத்தை நாலு துண்டு மாட்டி ஃப்ரிட்ஜுக்கு அடியில் விட்டார். எஞ்சின் போயிற்று. டொக்.

அந்தச் சத்தத்துக்குப் பல்லக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஐந்து பேரும் தரையில் குப்புறப் படுத்தார்கள். கொக்கியை எப்படிச் சாய்க்க வேண்டும், எஞ்சினின் எந்தப் பக்கம் தொட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். லிஃப்ட் மெக்கானிக்கின் முயற்சியில் ஒரு பழைய எலுமிச்சம்பழமும் நாத்தனார் போன வருடம் தொலைத்த கம்மலும் வெளியே வந்தன. மாஸ்டர் தூக்கி வைத்தபோது எஞ்சின் ஓடியது, மாஸ்டருக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. மேலே எழுந்து உட்கார்ந்ததும், கொக்கி இருப்பதால் இன்னொரு தடவை உருட்டலாம் என்று பல்லக்கா தீர்ப்புச் சொன்னாள். இந்தத் தடவை மறைப்பை எடுத்துவிட்டு எல்லோர் கண்முன்னால் உருட்டினாள். ஒன்று.

“மறுபடியும் கவிழ்ந்தது” என்றார் வீட்டுக்காரர், கொஞ்சமும் கவலையில்லாமல். “மறுபடியும் தூக்குவோம்.”

ஒன்று. அப்புறம் ஏழு. அப்புறம் ஒன்று. ஐந்தாவது தடவை பதினெட்டு விழுந்து ரயில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மீன்கள் பிழைத்தன. விசில் சத்தத்துக்கு மேல்மாடிக்காரர் தரையைத் தட்டினார்.

வீட்டுக்காரர் மட்டும் பகடையை விரலுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார். தொழில் புத்தி.

“இது ஒரு பக்கம் இழுக்குதே” என்றார்.

ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, உப்பு கரையாமல் அடியில் தங்கும்வரை கொட்டிக் கலக்கி, பகடையைப் போட்டார். மிதந்தது. ஒன்று மேலே இருந்தது. விரலால் சுண்டினார். சுற்றி வந்து, மறுபடி ஒன்று மேலே. எத்தனை சுண்டினாலும் ஒன்று.

பல்லக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஈறு வார்க்கும்போது சூட்டை அவசரமாக ஏற்றினால் உள்ளே காற்றுக்குமிழ் தங்கி அந்தப் பக்கம் லேசாகிவிடும். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். பகடையை வார்த்த அன்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டாள்.

“அப்போ என் ஆளு…” நாத்தனார் மெதுவாக எழுந்தாள். “ஒரு காத்துக்குமிழாலயா செத்தா?”

“எங்க ஊரு மொத்தமா முழுகிச்சே, அது?” என்றார் மாஸ்டர்.

“என் கழுதை” என்றார் லிஃப்ட் மெக்கானிக். ஆட்டத்தில் அவர் வளர்த்த கழுதையும் ஒன்று விழுந்துதான் செத்திருந்தது.

பல்லக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு உலகத்தின் சரித்திரமே ஒரு குமிழில் நடந்திருக்கிறது. நாளைக்கே லேபில் வேறு பகடை வார்த்துவிடுவதாகவும், இந்தத் தடவை பொறுமையாக வார்ப்பதாகவும் எல்லோரிடமும் சத்தியம் செய்தாள். நாத்தனாரின் வீராங்கனைக்கு மறுபிறவி தருவதாகவும் ஒப்புக்கொண்டாள், கழுதைக்கும் சேர்த்து.

“வேற பகடை எல்லாம் வேண்டாம்” என்றார் வீட்டுக்காரர். டம்ளரிலிருந்து அதை எடுத்துச் சட்டையில் துடைத்தார். “இதுவே இருக்கட்டும். ஒண்ணு விழுந்தாத்தான் எங்களுக்கு வேலை.”

திங்கட்கிழமை சங்கத்துக்காரர் பெட்டிகளை எடுக்க வந்தார். கதவைத் திறந்த பல்லக்கா, வீட்டுக்காரர் உள்ளே வேலையாக இருப்பதாகச் சொன்னாள். வந்தவர் எட்டிப் பார்த்தபோது ஃப்ரிட்ஜ் பக்கம் இரண்டு உள்ளங்கால்கள் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரம் கழித்து அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார்.